‘உ’வுக்கு ஒரு சொல்

ஸீனத் டீச்சர் தம் வாழ்நாளில் எழுதியது ஒரே ஒரு புத்தகம். அதிலும் பாதி என் அம்மாவுடையது. நேர்சரிப் பிள்ளைகள் எழுத்துப் பழகுவதற்கான பயிற்சிப் புத்தகம். அதற்கு முறையான பெயர் ஒன்று உண்டு. ஆனால் அட்டையில் ஒரு பச்சைக் கிளி பென்சிலைக் கவ்விக்கொண்டு நிற்பதால், கொழும்பில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் எல்லாருக்கும் அது கிளிப் புத்தகம்தான். புத்தகக் கடையில் போய் நின்றால், "கிளியா?" என்றுதான் கேட்பார்கள். போன மாதம் எனக்குப் பல் பிடுங்கிய டொக்டர்கூட அந்தக் கிளியிடம் எழுத்துப் பழகினவர். பல்லைப் பிடுங்குவதற்கு முன் அதைச் சொன்னார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு பக்கத்துக்கு ஓர் எழுத்து, ஒரு சொல், ஒரு படம். அம்மா, ஆடு, இலை, ஈ. அதற்கு அடுத்த ‘உ’வுக்கு ‘உம்மா’ என்று போட வேண்டும் என்பது ஸீனத் டீச்சரின் ஆசை. முதல் பதிப்பு வந்தபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது. இவ்வளவு காலமும் அந்த ஒரு பக்கத்துக்காக அவரும் அம்மாவும் சண்டை பிடித்தார்கள். மற்றப் பக்கங்களுக்குப் பிடித்த சண்டைகளை இருவரும் மறந்துவிட்டார்கள்.

டீச்சர் பிறந்தது கொம்பனித்தெருவில். இப்போது கண்ணாடிக் கோபுரம் ஒன்று நிற்கும் இடத்தில் அன்று ஒட்டி ஒட்டி வீடுகள். ஒரு பக்கம் மலாய்க் குடும்பம், மறுபக்கம் தமிழ்க் குடும்பம். டீச்சரின் வீட்டில் தாயை உம்மா என்றார்கள், தகப்பனை வாப்பா என்றார்கள். உலகத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார். முதலாம் வகுப்பில் வீட்டைப் பற்றி ஒரு வரி எழுதச் சொன்னபோது, ‘உம்மா சோறு ஆக்குறா’ என்று எழுதினார். ஆசிரியை கோபிக்கவில்லை. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதுபோல உம்மாவை வெட்டி மேலே ‘அம்மா’ என்று எழுதி, ஆக்குறாவை ‘ஆக்குகிறார்’ ஆக்கிக் கொடுத்தார்.

டீச்சரின் தாய் பீபிக்குக் குர்ஆன் ஓதத் தெரியும். தமிழ் எழுத்து தெரியாது. அதனால் மகள் பாடசாலையில் எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். அன்றும் கேட்டார்.

"அம்மா சோறு ஆக்குகிறார்," என்று வாசித்தாள் சின்ன ஸீனத்.

"எந்த அம்மா? பக்கத்து வூட்டு அம்மாவா?"

"இல்ல உம்மா. நம்மட வூட்டுல."

"நம்மட வூட்டுல நான்தானே புள்ள ஆக்குற? நீ இவ்வளவு நாளும் அவகட சோத்தயா திண்ட?"

அதற்குப் பிறகு கொஞ்ச நாள், சோறு போடும்போதெல்லாம் பீபி, "இந்தா, அம்மா ஆக்கின சோறு," என்று கோப்பையை நீட்டினாராம். இந்தக் கதையை டீச்சர் எங்கள் வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறார். சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார். முடிக்கும்போது மட்டும், "பகிடிக்குக் கேக்குறா எண்டுதான் நெனச்சேன். அவக்கு நெசமாவே வெளங்கல்ல," என்பார்.

ஆசிரியர் கலாசாலை முடித்து, இரண்டு மூன்று தூரத்துப் பாடசாலைகளில் படிப்பித்து, கடைசியில் அவர் கொட்டாஞ்சேனைக்கு வந்தார். என் அம்மா ஜெகதீஸ்வரி வடமராட்சியிலிருந்து கலியாணம் கட்டி வெள்ளவத்தைக்கு வந்தவர். அவருக்கும் அதே பாடசாலையில் முதலாம் வகுப்பு கிடைத்தது. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவில் சுவர் இல்லை, ஒரு இரும்பு அலுமாரிதான். அம்மாவின் பிள்ளைகள் "ஆ" என்று கத்தினால் அலுமாரிக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சரின் பிள்ளைகள் "ஆடு" என்று முடித்துவைப்பார்கள். முதலில் அம்மா அதிபரிடம் முறைப்பாடு கொடுத்தார். பிறகு அதையே பாடமாக்கிக்கொண்டார்கள். ஒரு வகுப்பு எழுத்து, மறு வகுப்பு சொல். கிளிப் புத்தகம் உண்மையில் அந்த அலுமாரியில்தான் தொடங்கியது.

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளை வீட்டுச் சொல்லை எழுதினால் அதை வெட்டமாட்டார். பக்கத்தில் புத்தகச் சொல்லை எழுதிவிட்டு இரண்டுக்கும் சரி போடுவார். அம்மாவுக்கு அது பொறுக்காது.

"இப்பிடி எல்லாத்தையும் சரி எண்டா, சோதினையில பிள்ளையள் என்னத்தை எழுதுங்கள்?"

"சோதின வார நேரம் சோதினச் சொல்ல எழுதுங்கள். வூட்டுக்குப் போனா வூட்டுச் சொல்லு வேணும்தானே, ஜெகா டீச்சர்?"

"உமக்கு ஒரு பதில் எப்பவும் ரெடி."

சனிக்கிழமைகளில் டீச்சர் காலி வீதியில் பஸ் இறங்கி, கடற்பக்கமாக எங்கள் ஒழுங்கைக்குள் நடந்து வருவார். சேலை முந்தானை தலையில் இருக்கும். கையில் மீன் அடைத்த மாலு பாண் பை இருக்கும். அம்மா சனிக்கிழமை மீன் தொடமாட்டார் என்பது தெரிந்தும், "இது ஒங்களுக்கில்ல, மயூரிக்கு," என்று என் கையில் தருவார். சாப்பாட்டு மேசையில் பிளாஸ்டிக் விரிப்பைச் சுருட்டிவிட்டு இருவரும் இருப்பார்கள். ரயில் போனால் கதையை நிறுத்துவார்கள். போனதும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். நோன்பு மாதத்தில் டீச்சர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பதால் அம்மாவும் மேசையில் குடிக்கமாட்டார். ஆனால் கறிக்கு உப்புப் பார்க்கப் போகிறேன் என்று குசினிக்குள் போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவார். "கறி நல்லா ஏலக்கா மணக்குது," என்பார் டீச்சர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படங்களை வரைந்தது டீச்சரின் கணவர் நபீஸ் அங்கிள். அவர் கட்டடங்களுக்குத் திட்டப்படம் வரைபவர். கோடு போடும் அடிமட்டம் இல்லாமல் அவருக்குக் கை ஓடாது. அவர் வரைந்த ஆட்டின் நான்கு கால்களும் ஒரு மாடியைத் தாங்கும் தூண்களைப் போல இருந்தன. கிளி மட்டும் எப்படியோ கிளியாக வந்துவிட்டது. அதனால்தான் அது அட்டைக்குப் போனது.

‘உ’வுக்கு வந்தபோது டீச்சர் ஏற்கெனவே எழுதி வைத்திருந்த தாளை அம்மாவின் பக்கம் தள்ளினார். உம்மா.

அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஸீனத், கோவியாதையும். எங்கட பிள்ளையளுக்கு உம்மா எண்டா கொஞ்சிறது. ஒண்டு வாசிச்சா மற்றதுகள் எல்லாம் இச்சு இச்சு எண்டு தொடங்கும். பிறகு பாடம் எங்க?"

"கொஞ்சினா என்ன குத்தம்? அடிச்சுக்கிறாதுதானே."

"முதல் பக்கத்தில அம்மா நிக்கிறா. ஒரு புத்தகத்தில ரெண்டு தாய் எப்பிடி?"

"ஒரு வகுப்புல ரெண்டு வகப் புள்ளைகளும் ஈக்கிதானே."

பதில் வராவிட்டால் அம்மா எழுந்து யன்னலைச் சாத்துவார். அன்று காற்று இல்லாமலே சாத்தினார்.

முடிவு கேட்க ஜம்பட்டா வீதி அச்சகத்துக்குப் போனார்கள். உரிமையாளர் தியாகராசா எல்லாருடனும் சமாதானமாக இருக்க விரும்பும் மனிதர். தாளைப் பார்த்தார், இரண்டு டீச்சர்மாரையும் பார்த்தார்.

"அம்மாவும் வேண்டாம், உம்மாவும் வேண்டாம் எண்டு நான் சொல்லேலாது. ‘அ’வுக்கு அம்மா எண்டது உலக வழக்கம். ‘உ’வுக்கு உரல் எண்டு போடுங்கோவன். உரலைப் பற்றி ஆர் என்ன சொல்லப் போறான்?"

அடுத்த சனிக்கிழமை டீச்சர் வழக்கம்போல மாலு பாணோடு வந்தார். அம்மா எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் தலைப்பில் பிள்ளையார் சுழி போடுவார். அன்றும் ஒரு புதுத் தாளில் ‘உ’ என்று சுழித்தார். டீச்சர் அதைப் பார்த்துக்கொண்டே, "ஒங்கட புள்ளையாருக்குப் பக்கத்துக்குப் பக்கம் ஒரு ‘உ’ கெடச்சிட்டு. என்ட உம்மாக்குத்தான் ஒண்டும் இல்ல," என்றார். அம்மா சிரித்தார். டீச்சரும் சிரித்தார். ஆனால் அம்மா அதற்குப் பிறகு டீச்சர் பார்க்கும் தாளில் சுழி போடுவதை நிறுத்திவிட்டார். வீட்டில் தனியாக இருக்கும்போது போட்டுக்கொள்வார்.

உரல் வந்தது. நபீஸ் அங்கிள் அடிமட்டம் வைத்து வரைந்த உரல். தொடர்மாடியில் பிறந்து, மிக்ஸியில் சட்னி அரைக்கும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "உ... பூச்சாடி," என்றார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வகுப்பு முழுவதும், "உ... டிரம்," என்றது. எழுத்தைப் பார்க்காமல் படத்தை வாசிக்கும் வயது அது.

அடுத்த பதிப்பில் உரலை எடுத்துவிட்டு உப்புப் போட்டார்கள். ஒரு கிண்ணத்தில் வெள்ளைக் குவியல். "சீனி," என்றன பிள்ளைகள். அதற்கடுத்த பதிப்பில் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. வெள்ளவத்தை வாய்க்கால் பக்கம் போகும் எந்தப் பிள்ளைக்கும் தெரிந்த ஒரு பிராணியைப் போட்டால் என்ன? உடும்பு. நபீஸ் அங்கிளின் கோடுகளுக்கு உடும்பு நன்றாகவே பொருந்தியது, செதிலெல்லாம் ஒழுங்காக வந்தது. கொழும்புப் பிள்ளைகள் பார்த்த உடனே கண்டுபிடித்தார்கள், எல்லாரும் ஒரே குரலில்: "கபரகொய்யா!"

ஒரு தாய் கொப்பியோடு வந்து நின்றார். "டீச்சர், என்ர மகன் ‘உ’வுக்குக் கபரகொய்யா எண்டு எழுதுறான். சிங்களப் பேரை எந்தப் புத்தகத்தில பார்த்துப் பழகினவனோ தெரியேல்ல."

"எங்கட புத்தகத்திலதான்," என்றார் அம்மா.

ஸீனத் டீச்சர் அந்தக் கொப்பியை வாங்கி, கபரகொய்யாவுக்குச் சரி போட்டு, பக்கத்தில் ‘உடும்பு’ என்று எழுதிக் கொடுத்தார். தாய் போனதும் அம்மாவிடம், "உம்மாவ எந்தப் புள்ளயும் கபரகொய்யா எண்டு சொல்லாது," என்றார். அவ்வளவுதான். ஒவ்வொரு பதிப்புக்கும் ஒருமுறை கேட்பார், ஒரே ஒருமுறை. அம்மா இல்லை என்றால் விட்டுவிடுவார். கேட்காமல் இருக்கவும் மாட்டார்.

அப்படியே இருவரும் ஓய்வு பெற்றார்கள். பீபி காலமானார். என் அப்பாவும் போனார். டீச்சரின் கொம்பனித்தெரு வீடு கோபுரத்துக்குப் போக, அவரும் நபீஸ் அங்கிளும் எங்களுக்குப் பக்கத்து வீதித் தொடர்மாடிக்கு வந்தார்கள். பஸ் தேவையில்லாமல் போய்விட்டது. மாலு பாண் வருவது மட்டும் நிற்கவில்லை. அதைச் சாப்பிட என் பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

போன வருடம் தியாகராசாவின் மகன் கஜீவன் எங்கள் வீட்டுக்கு வந்தான். அச்சகம் இப்போது அவன் கையில். கிளிப் புத்தகத்தை முழுக் கலரில் போடப் போகிறானாம். டீச்சர்மார் கடைசியாக ஒருமுறை பார்த்துத் தர வேண்டுமாம். அம்மா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கஜீவன் பழைய கதை ஏதோ சொல்லும்போது, "ஸீனத் டீச்சர் அந்தத் தனிப் புத்தகத்துக்கு ஓமெண்டிருந்தா அப்பாவுக்குப் பெரிய வேலை கிடைச்சிருக்கும்," என்றான்.

"எந்தத் தனிப் புத்தகம்?"

கஜீவனுக்கு அம்மாவுக்குத் தெரியாது என்பது தெரியாது. சில முஸ்லிம் நேர்சரிகள் சேர்ந்து டீச்சரிடம் கேட்டிருக்கிறார்கள். உம்மா, வாப்பா எல்லாம் போட்டு, அவருடைய பெயரில் மட்டும் ஒரு புத்தகம். டீச்சர் மறுத்துவிட்டார். அது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும்.

கஜீவன் போனதும் அம்மா செருப்பைப் போட்டார். நான் பின்னால் ஓடினேன். நபீஸ் அங்கிள் கதவைத் திறந்தார். டீச்சர் மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல?" என்றார் அம்மா, கதிரையில் இருக்காமலே.

"என்னத்த?"

"தனிப் புத்தகம்."

டீச்சர் ஒரு தண்டை ஒடித்தார். "சொல்லி என்ன செய்ற? நான்தான் ஏலா எண்டுட்டேனே."

"நீர் ஆசைப்பட்ட சொல்லு அதில வந்திருக்கும். என்னைக் கேட்டுக்கொண்டு நிக்கத் தேவையில்லை. ஏன் விட்டனீர்? எனக்காகவோ? அப்பிடியெண்டா இப்பவே சொல்லும், எனக்கு அந்தப் புண்ணியம் வேண்டாம்."

"ஒங்களுக்காகவா? ஆசயப் பாருங்க." டீச்சர் கீரையை ஒதுக்கினார். "ஜெகா டீச்சர், எங்கட புள்ளைகளுக்கு உம்மாண்டா ஆருண்டு தெரியும். அதுக்குப் புத்தகம் என்னத்துக்கு? என்ட கொப்பியில உம்மாவ வெட்டினாவே, அந்த டீச்சருக்குத்தான் தெரியாம இருந்திச்சி. தெரியாத புள்ளட கையிலதான் அந்தச் சொல்லு போகோணும். ஒங்கட புள்ளைகள்ட கையில. தனிப் புத்தகத்துல போட்டா அது எப்பிடிப் போற?"

அம்மா அப்போதுதான் கதிரையில் இருந்தார். யன்னலைத் தேடிப் பார்த்தார்; அது ஏற்கெனவே சாத்தியிருந்தது. கொஞ்ச நேரம் ஆய்ந்த கீரையையே மறுபடி ஆய்ந்தார்.

"பிள்ளையள் சிரிக்குங்கள்," என்றார் கடைசியில்.

"சிரிக்கும்தான்."

"சிரிக்கட்டும். சிரிச்சுப் படிச்சது மறக்காது." பிறகு உள்ளே பார்த்து, "நபீஸ், உங்கட மாமியை வரைவீங்களோ?" என்று கேட்டார்.

நபீஸ் அங்கிளுக்கு இப்போது கை நடுங்கும். அடிமட்டத்தைப் பிடித்தால் அடிமட்டமும் நடுங்கும். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக அது இல்லாமல் வரைந்தார். படம் வந்தது. தலையில் முந்தானை, கையில் அகப்பை, ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்த நிற்பு. டீச்சர் எழுந்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"உம்மாவேதான்," என்றார். பிறகு, "தலய ஏன் நரைக்க வச்சீங்க? நான் சொன்னது ஒண்டாம் வகுப்புல கண்ட உம்மாவ."

"நான் மாப்புள்ளயா வார நேரமே அவவுக்குப் பாதி நரதான்," என்றார் நபீஸ் அங்கிள். "நான் காணாத முடிய எப்பிடி வரைய?"

அதை அப்படியே விட்டார்கள்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு வகுப்பில் வைத்துப் பார்ப்பது அவர்களின் பழைய வழக்கம். கொட்டாஞ்சேனையில் டெனிஷா என்ற பெண் நடத்தும் நேர்சரிக்கு ஓட்டோ பிடித்துப் போனோம். டெனிஷாவே கிளிப் புத்தகத்தில் படித்தவள்தான். இரண்டு டீச்சர்மாரையும் கண்டதும் தன் எழுத்தைத் திருத்த வந்துவிட்டார்கள் என்பதுபோல வெண்பலகையை அவசரமாக அழித்தாள். பிள்ளைகளுக்குக் கலர் பிரதிகளைக் கொடுத்தோம்.

‘உ’ பக்கம் வந்தது. முன்னால் இருந்த ஒரு சின்னவன் விரலை வைத்து, "உ... ம்... மா," என்று கூட்டினான். தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் வாயைப் பொத்தினான். பிறகு பக்கத்தில் இருந்தவனின் கன்னத்தில் ஒன்று வைத்தான். அவ்வளவுதான். வகுப்பு முழுவதும் இச்சு இச்சு என்று தொடங்கியது. ஒருத்தி புத்தகத்தையே கொஞ்சினாள்.

அம்மா மெல்லத் திரும்பினார். "முதல் நாளே சொன்னனான்."

"சிரிக்கட்டும் எண்டதும் நீங்கதான்," என்றார் டீச்சர்.

சத்தம் அடங்கும்போது யன்னலோரத்தில் இருந்த பர்ஹா என்ற பிள்ளை கையைத் தூக்கியபடியே இருப்பதை டெனிஷா கண்டாள். அவள் சிரித்திருக்கவில்லை.

"மிஸ், இது பிழ."

"என்ன பிழை?"

"இது உம்மா இல்ல. உம்மும்மா."

உம்மாவின் உம்மா. பக்கத்தில் இருந்த இன்னும் இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் எட்டிப் பார்த்து ஆமோதித்தார்கள். "ஓம் மிஸ், தல வெள்ள." "உம்மா இப்பிடி சாரி உடுக்க மாட்டா. அபாயாதான்." சிரித்துக்கொண்டிருந்த சின்னவனும், விஷயம் புரிந்தவன்போல, "உம்மும்மா," என்று சொல்லிப் பார்த்தான். அந்தச் சொல் அவனுக்கு இன்னும் பிடித்துவிட்டது.

டெனிஷா எங்களைப் பார்த்தாள். சரியா, பிழையா? அம்மா ஸீனத் டீச்சரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து பர்ஹாவின் சின்னக் கதிரைக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார்.

"இது என்ட உம்மா, மகள்."

பர்ஹா படத்தைப் பார்த்தாள். டீச்சரைப் பார்த்தாள். "ஒங்கட உம்மாவா?"

"ம். எனக்குச் சோறு ஆக்குறா."

பர்ஹா அதை யோசித்தாள். "அப்ப உம்மாதான்," என்று ஒத்துக்கொண்டாள். "ஆனா தல பிழ." டப்பாவிலிருந்து கறுப்புக் கிரேயானை எடுத்து, நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு, பீபியின் தலைக்குக் கறுப்பு அடிக்கத் தொடங்கினாள். முந்தானை விளிம்பிலும் கொஞ்சம் பட்டது, நெற்றியிலும் பட்டது. டீச்சர் குனிந்தபடியே நின்றார். அவ்வளவு நேரம் குனிந்தால் அவருக்கு இடுப்பு பிடிக்கும் என்று நான் போய்த் தோளைத் தொட்டேன். "இருங்க மகள், முடியப் போகுது," என்றார்.

திரும்பும்போது ஓட்டோ கொள்ளுப்பிட்டி தாண்டியதும் அம்மாதான் தொடங்கினார்.

"மயூரி, கஜீவனுக்குப் போன்ல ஒரு கோல் எடு. அந்தப் பக்கத்தில தலைமுடிக்கு நிறம் போட வேண்டாம். கோடு மட்டும் நிக்கட்டும். கறுப்போ வெள்ளையோ, அதுகள் தங்கட உம்மாவைப் பார்த்து அடிச்சுக்கொள்ளட்டும்."

"ஒங்கட புள்ளைகள்?" என்று கேட்டார் டீச்சர்.

"அதுகளுக்கு அம்மா இல்லையோ? அவவைப் பார்த்து அடிக்கிறது."

டீச்சர் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு, "நல்லா ஈக்கி," என்றார்.

தை மாதம் புத்தகம் வந்தது. ஆடு, இலை, ஈ எல்லாவற்றுக்கும் கலர். ‘உ’ பக்கத்தில் சேலைக்கும் அகப்பைக்கும் கலர் இருந்தது, தலைமுடிக்கு மட்டும் இல்லை. கடைகளுக்குப் போன முதல் வாரமே ஒரு கடைக்காரர் கஜீவனைக் கூப்பிட்டு, ஒரு பக்கத்தில் மை பிடிக்கவில்லை, எல்லாப் பிரதியிலும் அப்படித்தான் இருக்கிறது, மாற்றித் தர முடியுமா என்று கேட்டாராம்.